கன்னத்தில் வைத்துப் பார்க்கிற ஆள்

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. அந்த ஆறு பேருடைய பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு கறை இருந்தது என்று எந்த டீச்சரும் சொன்னதில்லை. துவைப்பதை எங்கள் பக்கம் அலக்குவது என்போம். என் அலக்கைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதுவேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். வேதப்புத்தகம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இதை எழுத மூன்று வாரம் ஆயிற்று. பிழை இருந்தால் பேத்தி கடைசியில் திருத்துவாள். அதுவரைக்கும் யாருக்கும் காட்டுவதாக இல்லை.

நான் எழுத வந்தது ஒரு வண்டி பாலிஷ்காரனைப் பற்றி. பெயர் எழுதவில்லை. எழுதினால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற ரோட்டில்தான் எங்கள் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிவைத்திருந்த இடம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதை அவன் வாடகைக்கு எடுத்தான். அப்போது அவனுக்கு முப்பது வயது ஆகவில்லை. மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் சவரம் பண்ணியிருப்பான். ஜங்ஷனில் சாயைக்கடையில் இருக்கிறவர்கள் அதை வைத்தே அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். "வண்டி களுவுறதுக்கு மாப்பிள்ளை மாதிரி சவரமாலே? துணியைக் கெட்டிக்கப் போறியா?" என்று கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

முதல் நாள் அவன் என் முற்றத்துக்குள் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. நேரே கொடியடிக்குப் போனான். என் வீட்டுக்காரருடைய துவர்த்து காய்ந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டுத் தலை துடைக்கிற துவர்த்து. அதை எடுத்து, கண்ணை மூடி, கன்னத்தில் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தான். நான் முற்றம் கூட்டுகிற வாரியலைக் கையில் எடுத்துவிட்டேன்.

"எலே, அது எனக்க வீட்டுக்காரருக்க துவர்த்து. நீ என்ன செய்யிய?"

"அம்மச்சி அலக்கினதா?"

"பின்ன, மந்திரி வந்து அலக்கினாரா?"

"நல்ல அலக்காக்கும். ஆனா வண்டிக்கு ஆவாது."

"வண்டிக்கு ஆவணும் எண்ணு உன்கிட்ட ஆரு கேட்டா?"

அப்போதுதான் கண்ணைத் திறந்து சிரித்தான். கொட்டகையில் தினமும் முப்பது துணி அழுக்காகும் என்றான். அதை அலக்கித் தர ஆள் வேண்டும். அதற்கு அலக்குகிற மிஷின் இருக்கிறதே என்று கேட்டேன். மிஷினில் போட்டால் எது எதோடு சேர்ந்து கிடக்கிறது என்று தெரியாது, கண்ணும் கையும் உள்ள ஆள் வேண்டும் என்றான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. சரி என்றேன்.

மறுநாள் ஒரு வாளி நிறையத் துணியோடு வந்தான். கூடவே சட்டமும் கொண்டுவந்தான்.

"அம்மச்சி, கல்லுல அடிக்கப்பிடாது."

"பின்ன அளுக்கு எப்பிடிப் போவும்? ஜெபம் பண்ணினா போவுமா?"

"வெள்ளத்துல ஊறப்போட்டு கையால பிதுக்கினா போவும். நீலம் போடப்பிடாது. பவுடர் சோப்பும் வேண்டாம், கரையாத தரி உள்ள இருந்திடும். நான் தாற திரவம் மட்டும் போதும். மணம் வரியதுக்கு ஒண்ணும் ஊத்தப்பிடாது. வீட்டுப் பருத்தித் துணிக்க கூட சேர்க்கப்பிடாது, பஞ்சு ஒட்டும். செடியில விரிக்கப்பிடாது. தரையில விழுந்தா..."

"விழுந்தா?"

"சொல்லணும். அவ்வளவுதான்."

நாற்பது வருஷம் அலக்கின எனக்கு ஒரு பையன் வந்து சொல்லித்தருகிறான் என்று அன்று முழுக்கக் கோபம். அந்தத் துணியைப் பார்த்தாலும் கோபம்தான். மைக்ரோபைபர் என்று பெயர். பூனைக்குட்டி வயிறு மாதிரி இருக்கும், ஈர விரலைப் பிடித்துக்கொள்ளும். அலக்கிக் காயப்போட்டால் நனைந்த கோழி மாதிரி தொங்கும். மடித்து வைத்தால் மடிப்பு நிற்காது. அலக்கின துணி என்றால் எழுந்து நிற்க வேண்டாமா.

தரையில் விழுந்தால் சொல்ல வேண்டும் என்றானே, மூன்றாம் நாளே ஒன்று விழுந்தது. நான் எடுத்து உதறினேன். உதறினால் போகாத மண் உண்டா என்று மற்றதோடு வைத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்து அந்தத் துணியை மட்டும் எடுத்தான், சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து ஒரு மூலையை வெட்டினான், டயர் துடைக்கிற வாளியில் போட்டான். மூலை வெட்டின துணி பிறகு வண்டியின் மேலே ஏறாது. அதற்கு டயரும் அடிப்பக்கமும்தான். அவன் திட்டியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன். அந்தக் கத்தரிச் சத்தத்தைக் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

பிறகு நானாகவே கேட்டேன், ஒரு மணல் தரி என்ன செய்துவிடும் என்று. கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பழைய பாட்டு சீடி ஒன்று வைத்திருந்தான். வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. என் வீட்டுத் துவர்த்து ஒன்றை எடுத்து அதில் பத்துத் தடவை வட்டமாகத் தேய்த்தான். வெயிலில் சாய்த்துக் காட்டினான். முடி முடியாகக் கோடு. மைக்ரோ துணியால் இன்னொரு பக்கம் தேய்த்தான். ஒன்றும் இல்லை.

"வண்டிக்க பெயிண்டும் இதுபோலத்தான் அம்மச்சி. வெள்ளை வண்டி பொறுக்கும், காட்டாது. கறுப்பு வண்டி எல்லாத்தையும் காட்டிக் குடுக்கும்."

"அப்ப நல்ல விலையுள்ள துணியா வாங்கு. சீடியும் கவுளும் எதுக்கு?"

"விலை கூடினதும் கீறும். தையல்ல உண்டு, லேபிள்ல உண்டு. கையால தொட்டுத் தெரிஞ்சுக்கலாம் எண்ணா, பத்து வருஷமாத் தேய்ச்ச கை இது. காய்ச்சுப்போச்சு. இதுக்கு ஒண்ணும் தெரியாது. கவுளுக்குத் தெரியும்."

அதற்குத்தான் அந்தச் சவரம். தாடி முளைத்த கன்னத்தில் துணி சரியாகப் பேசாதாம்.

புதுத் துணி வந்தால் முதல் வேலை லேபிளை வெட்டுவது. பிறகு கரையை விரலில் சுற்றிப் பார்ப்பான். கரைத் தையல் கட்டியாக இருந்தால் வண்டிக்குக் கிடையாது, உள்ளே சீட்டுக்குப் போகும். மெழுகு தேய்க்கிற வட்டப் பஞ்சு, அவன் பேட் என்று சொல்வான், அது வந்தால் இன்னும் பாடு. பிதுக்குவான், வெளிச்சத்துக்குப் பிடிப்பான், கன்னத்தில் வைப்பான், நகத்தால் ஒரு கீறு கீறுவான். பொடி உதிர்ந்தால் போச்சு. பத்துப் பேட் வாங்கினால் ஆறு தேறும். ஒரு வண்டிக்கு மெழுகு தேய்த்த பேட்டை அலக்காமல் அடுத்த வண்டியில் வைக்கமாட்டான். துணியை நாலாக மடித்து எட்டு முகம் ஆக்குவான். ஒரு முகம் அழுக்கானால் அடுத்த முகம். எட்டும் முடிந்தால் அலக்குக்கு. இரண்டாம் தடவை அதே முகத்தைத் திருப்ப மாட்டான்.

இந்தக் குணம் கொட்டகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளத்தூரில் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். கூடப் போன அவனுடைய மாமன் வந்து சொல்லிச் சிரித்தார். பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவினதும் புதுத் துவர்த்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே. இவன் கரையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான், கன்னத்திலும் வைத்திருக்கிறான். பெண்ணின் அப்பா பதறிப்போய், "என்னவாக்கும் தம்பி, வல்ல குறையும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"கரைத் தையல் நைலான் நூலாக்கும். சோப்புல கிடந்து கட்டியாவும். கீறும்."

கதவுக்குப் பின்னால் நின்ற பெண், "ஆரை?" என்று கேட்டுவிட்டாள்.

"வண்டியை."

அவள் சிரித்த சிரிப்பில் மாமன் சம்பந்தம் போயிற்று என்று எழும்பிவிட்டாராம். இவன் எழும்பவில்லை. அந்தப் பெண்ணைத்தான் கட்டினான்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் சபையில் பீடத்துணி முப்பத்தொரு வருஷம் நான்தான் அலக்கினேன். மரச்சீனிக்கிழங்கு மாவு கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, துணிக்குக் கஞ்சி போடுவேன். காய்ந்தால் பீடத்தின் ஓரத்தில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். எட்டு மடிப்பு, உள்ளே திருப்பினது. அப்படி மடிக்க வேறு ஆள் கிடையாது. ஒரு அறுப்புப் பண்டிகைக்கு புதிதாக வந்த போதகர், பீடத்துணியை இவ்வளவு அழகாகச் செய்த சகோதரிக்கு ஸ்தோத்திரம் என்று வேறொருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டினாள். நான் எழும்பி நின்று, "ஐயா, அது நான் அலக்கினது" என்றேன். என் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஒரு குனிவும் இல்லை.

மதிலுக்கு மேலே தலையை நீட்டி இவன் கேட்டான்.

"சபைக்க நடுவுல எழும்பி நின்னீங்களாமே?"

"எனக்க கைவேலையை இன்னொருத்தி எடுத்துட்டுப் போனா நான் பாத்துட்டு இருப்பனா? நல்லதானாலும் கெட்டதானாலும் எனக்க அலக்கு எனக்க அலக்குத்தான்."

"அதுவும் சரிதான்" என்றான்.

முதல் ஒரு வருஷம் நான் கொடுத்த ஒவ்வொரு துணியையும் என் முன்னாலேயே கன்னத்தில் வைத்துத்தான் எடுத்துப்போனான். பிறகு பத்தில் ஒன்றைப் பார்த்தான். பிறகு ஒருநாள் துணிக்கட்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனான். பார்க்கவே இல்லை. நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னடே, இன்னைக்குக் கவுளு வேலை செய்யல்லியா?"

"அம்மச்சி அலக்கினதுதானே."

இதற்கு முன்னும் பின்னும் என் அலக்கை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவன் ஒருநாளும் பாராட்டினதில்லை. ஆனால் பார்க்காமல் எடுத்துப் போனானே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்கடுத்த வருஷம் ஈஸ்டர் சமயம். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் எங்கள் சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமையிலிருந்து கல்யாணம் நெருங்கி வரும். பூவார்ப் பக்கத்தில் கல்யாணத்துக்கு வண்டி விடுகிற ஒருவர் இருந்தார். ஏழு வண்டி. அதில் புதிதாக வாங்கின கறுப்பு வண்டியை இவனிடம் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமை பெண்ணை ஏற்ற வேண்டும். இது பிடித்துப்போனால் ஏழு வண்டியும் மாதாமாதம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். கொட்டகைக்கு அப்போது நாளுக்கு ஒரு வண்டி வந்தால் பெரிது. வீட்டில் புதுப் பெண் வேறு. அந்த ஏழு வண்டி வந்தால்தான் கடை நிற்கும் என்று அவனே என்னிடம் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் நான் ஈஸ்டருக்கான பீடத்துணியை அலக்கிக் கஞ்சி போட்டேன். அவனுடைய பன்னிரண்டு துணியும் அலக்கி முடிந்து பக்கத்துச் சருவப்பானையில் கிடந்தது. நனைந்த கோழிகள். கறுப்பு வண்டி, கல்யாண வண்டி, அதைத் துடைக்கிற துணி இப்படியா இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மிச்சம் இருந்த கஞ்சியில் தண்ணீர் விட்டு மிகவும் தெளிவாக்கினேன். ஒரு கரண்டிதான் இருக்கும். பன்னிரண்டையும் அதில் முக்கிப் பிழிந்தேன். நிழல் கொடியில் இடம் இல்லாமல் முற்றத்துக் கொடியில் போட்டேன். அந்த வருஷம் ரோட்டுக்குச் செம்மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்தது. பீடத்துணி மாதிரியே எட்டு மடிப்பு மடித்தேன். மடிப்பு நின்றது. அவன் இதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நினைத்தேன்.

அவன் அவசரத்தில் இருந்தான். பாலிஷ் போடும்போது கையில் ரப்பர் உறை போடுவான், அது போட்டிருந்தது. கட்டை வாங்கினான். "அம்மச்சி அலக்கினதா?" என்றான். "பின்ன?" என்றேன். போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை வண்டியை வெயிலுக்கு இறக்கினார்கள். நான் வாரியலோடு முற்றத்தில் நின்றேன். வண்டிக்காரர் பூச்சரத்தோடு வந்திருந்தார். வண்டி மூக்கு வெயிலில் வந்ததும் நானும் பார்த்தேன். வட்டம் வட்டமாக, முடி முடியாக, மேலெல்லாம் கோடு. சீடியில் பார்த்த அதே கோடு.

"இது என்னடே?" என்றார் வண்டிக்காரர். "சிலந்தி வலை பின்னி வச்சிருக்கிய?"

"எனக்க பிழையாக்கும். துணியை நான் பாக்கல்ல."

"துணிக்கு முத்தம் குடுக்கியவன் எண்ணு ஊரெல்லாம் சொல்லுதாவ. எனக்க வண்டிக்கு மட்டும் பாக்க நேரமில்லியா?"

"ரெண்டு நாள் தந்தா எடுத்திரலாம்."

"ரெண்டு மணிக்கூறு இல்ல. பெண்ணுவீட்டுக்காரனுக்கு நான் என்ன சொல்லட்டு?"

அவன் நின்றான். அவர்கள் பூவைப் பாய் மாதிரி முன்பக்கம் முழுக்க விரித்துக் கட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த வண்டியும் மற்ற ஆறும் பிறகு எங்கள் ரோட்டில் திரும்பினதே இல்லை.

எனக்கு அப்போதே தெரியும். கஞ்சியும் செம்மண்ணும் சேர்ந்தால் உப்புத்தாள் ஆகிவிடும் என்று அந்தக் கோடுகளைப் பார்த்த நிமிஷமே தெரிந்தது. சபை நடுவில் எழும்பி நின்ற நான், ஒரு மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பன்னிரண்டு துணியில் பயன்படுத்தாமல் மிச்சம் இருந்தது நாலு. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்தான். முதல் துணியிலேயே கை நின்றது. மணந்து பார்த்தான். மடிப்பைப் பிரித்தான், திரும்ப மடித்தான். பிறகு மதிலைப் பார்த்தான். நான் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மச்சி, வெள்ளம் கோருதீங்களா?"

"ஆமா."

"கோருங்க."

அவ்வளவுதான். மூன்று துணியின் மூலையை வெட்டி டயர் வாளியில் போட்டான். நாலாவதை வெட்டவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் எப்போதும்போல வாளியோடு வந்தான். வரமாட்டான் என்று நினைத்தேன், வந்தான். சாயங்காலம் கட்டை வாங்கும்போது என் முன்னால் நின்று ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்தான். முப்பதும். முதல் வருஷம் மாதிரி. முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அடுத்த நாளும் முப்பது. அதற்கடுத்த நாளும். அலக்கை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் ஒத்துக்கொண்டதாகும். ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஒரு வருஷம் கொட்டகை மிகவும் மோசமாக இருந்தது. ஆட்டோவும் பள்ளிக்கூட வேனும் கழுவினான். அந்த ஆட்டோவுக்கும் எட்டு முகம்தான், பேட் மாற்றித்தான். ஆட்டோக்காரன் ஒருவன், "அண்ணே, இது கல்யாணப் பெண்ணு இல்ல, கொப்பரை ஏத்தியதாக்கும்" என்று சிரித்தான். "பெயிண்டு பெயிண்டுதான்" என்றான் இவன்.

என் வீட்டுக்காரர் விழுந்து கட்டிலோடு ஆனது அதற்கும் பிறகு. எட்டு மாதம். தோல் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நான் அலக்கின துவர்த்தால் துடைத்தால் சிவந்துபோகும், இரண்டு இடத்தில் உரிந்தும்போனது. நாற்பது வருஷம் அவர் முதுகு துடைத்த துவர்த்து. மதிலுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. ஒருநாள் ஆறு புதுத் துணியோடு வந்தான். லேபிள் வெட்டி, கரை பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து முடித்தது என்று கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்தது. இரண்டு வட்டப் பேட்டும் இருந்தது, எண்ணெய் தடவ.

"இது வண்டிக்கு இல்ல அம்மச்சி. அப்பச்சிக்கு. அமுத்தித் தேய்க்காதீங்க, ஒத்தி எடுத்தா போதும்."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி என்று காட்டியும் தந்தான். வண்டிக்குச் செய்கிற அதே கை. என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "இவன் ஆருக்க மகன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு முதுகில் ஒரு புண் இல்லாமல்தான் அவர் போனார். அந்தத் துணிகளைத் தந்த அன்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "சாயை குடிக்கியா?" என்றுதான் வெளியே வந்தது.

கொட்டகைக்கு வேறு வண்டிகள் மெதுவாக வரத் தொடங்கின. அவன் நெய்யாற்றின்கரையில் பெரிய கடை போட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. கொட்டகையைக் காலி பண்ணின அன்றும் கடைசிக் கட்டில் இருந்த முப்பது துணியையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினான். எனக்கு அது மனதில் கிடந்தது.

போன மாதம் பேத்தி என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காரக்கோணத்தில் நர்சு வேலை, சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறாள். திரும்பும்போது வண்டியைக் கழுவ வேண்டும் என்று ஒரு கடையில் நிறுத்தினாள். இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவன் கடை. மேஜைக்குப் பின்னால் அவன் பெண்சாதி இருந்தாள், கதவுக்குப் பின்னால் நின்று ஆரை என்று கேட்டவள். என்னை உட்காரவைத்தாள். பேத்தி பழைய பனியனால் வண்டியைத் துடைக்கிறவள். பேத்தி அதைச் சொன்னதும் அவன் பெண்சாதி மேஜை வலிப்பை இழுத்துத் திறந்து கவரிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"கண்ணை மூடிட்டு இதைக் கவுளுல வச்சுப் பாரு மோளே."

பேத்தி வைத்தாள். "சொரசொரங்குதே" என்றாள்.

"இங்க வேலைக்கு வாற எல்லாரிட்டயும் இவிய முதல்ல இதைத்தான் குடுப்பாவ. வண்டிக்கு ஆவாதது எதுண்ணு தெரியட்டும்ணு. ஒரு காலத்துல இவிய கஞ்சி போட்ட துணியாக்கும். ஒரு கறுப்பு வண்டியே கெட்டுப்போச்சாம்."

"கஞ்சியா? கார் துடைக்கிய துணிக்கா?" பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்த மண்டன் செய்வான் இதை?"

"நானும் அதுதான் கேட்டேன். ஒரு சாயை போடத் தெரியாத ஆளு, கஞ்சி எப்பிடிப் போட்டீங்க எண்ணு. சிரிச்சிட்டுப் போவாவ."

துணி என் கைக்கு வந்தது. எட்டு மடிப்பு, உள்ளே திருப்பினது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நின்றது. என்ன சொன்னேன் தெரியுமா? "மடிப்பு நல்லாயிருக்கு" என்றேன்.

அப்போது அவன் உள்ளேயிருந்து வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. சவரம் பண்ணியிருந்தான். "அம்மச்சி வந்தாச்சா" என்றான். என் கையில் இருந்ததைப் பார்த்தான். வாங்கி, அந்த மடிப்பு கலையாமல் கவரில் வைத்தான். பேத்தி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்களா கஞ்சி போட்டீங்க?" என்றாள்.

"நான்தான் மக்களே. வேற ஆரு."

வீட்டுக்கு வந்து அவள் எல்லாரிடமும் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளிவைத்து எழும்பினேன். மறுநாள்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

அவன் பெயரை எழுதவில்லை. என் பெயரை நோட்டு அட்டையில் எழுதியிருக்கிறேன். இனி இதைப் பேத்தி கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதையும் எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் அந்த நேரத்தில் சாயை குடிக்கியா என்று கேட்டாலும் கேட்டுவிடுவேன்.

மக்களே, இங்க வந்து இரி. முதல்ல இருந்து உரக்கப் படி, எனக்கு இப்ப காது பத்தாது. கஞ்சிக்க இடம் வரும்போ படிப்பை நிறுத்தாத. அதை அலக்கினது நான் எண்ணு தெளிவா எழுதியிருக்கேனா எண்ணு மட்டும் பாரு. இருந்தா வண்டிச் சாவியை எடு. அவன் ஆறு மணிக்குக் கடை பூட்டிருவான்.